குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கும் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும்" என்ற வரி விளம்பரங்கள் தமிழ் நாளிதழ்கள் பலவற்றிலும் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கின்றன. தங்கள் நாளிதழ் இவற்றை ஏற்பதை நிறுத்த வேண்டும். கோபாலபுரம், நடுப்புணி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட எல்லை ஊர்களில், குடிநோய்ச் சிகிச்சைக்குப் போகும் வீட்டாரோடு வேலை செய்பவர்கள் நாங்கள். அந்த விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போடுபவர் எவ்வளவு தவித்துப்போய் அதைச் செய்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டாருக்கு உருப்படியான வழி என்ன என்பதையும் இந்தக் கடிதத்திலேயே எழுதுகிறோம். நீளமாக இருந்தாலும் முழுதாக வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் அந்த மருந்தைப் பற்றி. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒன்றுமில்லாத பொடியாக இருந்தால் போவது பணம் மட்டும். டைசல்ஃபிரம் கலந்ததாக இருந்தால் போவது உயிர். டைசல்ஃபிரம் மோசமான மருந்து என்று சொல்லவில்லை. மனநல மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மாத்திரைதான் அது. குடித்த மது உடம்புக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அந்த நச்சு மறுபடி உடைந்து வெளியேறும். இந்த இரண்டாவது வேலையை டைசல்ஃபிரம் தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் நச்சு தேங்கி, அரை மணிக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் அதிலேயே இறந்துபோகலாம். 'குடித்தால் இப்படி ஆகும்' என்ற பயம்தான் அந்த மாத்திரையின் பலனே. தெரிந்து விழுங்கியவருக்குத்தான் அந்தப் பயம் வரும். சாம்பாரில் கலந்ததைச் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரை ஊற்றிக் குடித்துவிட்டு, வழியில் எங்கோ விழுந்து கிடப்பார்.

முறையாகக் கொடுக்கும்போது கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஈரல், இதயப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வழக்கமான அளவு நாளைக்கு 250 மில்லிகிராம்; நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை அதன் வீரியம் இருக்கும். நம் பகுதியில் இன்னொரு கவனம் தேவை: கேரளத்துப் பக்கம் பல வீடுகளில் அலமாரியில் அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து ஏதாவது ஒன்று இருக்கும். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் இயல்பாகவே மது உண்டு. சில இருமல் மருந்துகளிலும், வாய் கொப்புளிக்கும் திரவங்களிலும் உண்டு. டைசல்ஃபிரம் எடுப்பவருக்கு இவையும் ஆகாது. வயிற்றுப்போக்குக்கும் பல் வலிக்கும் கடையில் சுலபமாகக் கிடைக்கும் மெட்ரோனிடசோலைச் சேர்த்துச் சாப்பிட்டால் புத்தி பேதலிக்கலாம். கலந்து கொடுத்தது என்றாவது ஒருநாள் தெரியவந்தால், அவர் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார்; பிறகு எந்த மருத்துவர் எந்த மாத்திரை கொடுத்தாலும் சந்தேகப்படுவார்.

அடுத்தது, வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தவைப்பது. இதில் போகும் உயிர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாள் தவறாமல், காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் சட்டென்று நிறுத்தினால், மதுவின் அமுக்கத்துக்குப் பழகிப்போன மூளை ஒரேயடியாகக் கிளர்ந்தெழும். கடைசி மிடறுக்குப் பின் 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நாள், இடம் எல்லாம் குழம்பி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் ஏறும். "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். சிகிச்சை இல்லாவிட்டால் மரணம் வரை போகக்கூடிய நிலை அது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுபவர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், மாரியம்மன் நோன்பு சாட்டியதும் விரதம் பிடிப்பவர்கள் பலர் அன்றைக்கே குடியை நிறுத்துகிறார்கள். அந்த மனவுறுதி பெரிய விஷயம், அதைக் கெடுக்க வேண்டாம். மாலை போடுவதற்கு 10 நாள் முன்பே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மருந்தின் துணையோடு நிறுத்தவைத்துவிட்டால் விரதமும் நிலைக்கும், உயிருக்கும் ஆபத்து இராது.

மருத்துவமனையில் நடப்பது சிக்கலானதல்ல. குளோர்டயஸெபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராஸெபாம் போன்ற மாத்திரையை முதல் இரண்டு நாள் கூடுதலாகவும், பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் கொடுத்து, 7 முதல் 10 நாளில் நிறுத்திவிடுவார்கள். மீந்த மாத்திரையை வீட்டில் வைத்துக்கொண்டு "தூக்கம் வரல" என்று தொடரக் கூடாது, அதற்கும் அடிமையாகிவிடுவார். இதோடு தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திருங்க டாக்டர், தெம்பாயிரும்" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் பி1 கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். குளுக்கோஸை எரிக்க பி1 வேண்டும். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்ததும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத மறதி நிரந்தரமாகத் தங்கிவிடும். "தயமின் போட்டாச்சுங்களா?" என்று வீட்டார் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணி. ஒரு நாளைக்கு எவ்வளவு. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் மது என்பதால், ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த மது இருக்கிறது. பிராந்தியா, கள்ளா, இரண்டுமா என்பதையும் சொல்லுங்கள். எல்லைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் அது உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டம் கள் இறக்கும் தோப்புகளுக்குப் பேர்போனது. கலப்படக் கள்ளில் அல்பிரசோலம், டயஸெபாம் போன்ற தூக்க மருந்துகளைக் கலப்பது ஆந்திரம், தெலங்கானா பக்கம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கள்ளை அன்றாடம் குடித்தவருக்கு நடுக்கமும் வலிப்பும் ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். அதை மருத்துவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் மருந்தை மெதுவாகக் குறைப்பார். இவை தவிர முன்பு வலிப்பு வந்ததுண்டா, ரத்த வாந்தி எடுத்ததுண்டா, சர்க்கரை, ரத்த அழுத்தம், தலையில் அடி, தற்கொலை முயற்சி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள். அவரை எதிரில் உட்காரவைத்து, அவர் கேட்கவே இதையெல்லாம் சொல்லுங்கள். தனியாக மருத்துவர் காதில் ஓதினால், உள்ளே இருக்கும் நாள் முழுக்க "என்ன சொல்லிக் குடுத்தாங்களோ" என்ற எண்ணமே ஓடும்.

வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் ஊரோடு மாநிலத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். புத்தி குழம்புதல், காய்ச்சல், நிற்காத வாந்தி, கறுப்பு மலம், ரத்த வாந்தி எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உடம்பிலிருந்து மது இறங்குவது சிகிச்சையின் முதல் படி மட்டும்தான். அடுத்து மறுவாழ்வு மையம். "ராத்திரி வண்டி அனுப்புறோம், நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க" என்று சொல்லும் இடங்கள் இரு மாநிலத்திலும் உண்டு. தூக்க ஊசி போட்டு ஏற்றுவார்கள், கையைக் கட்டுவார்கள். ஏற்கெனவே குடித்திருப்பவருக்குத் தூக்க ஊசி போட்டால் மூச்சே நின்றுபோகலாம். சட்டமும் இதை ஏற்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எனவே நோயாளிக்கு உள்ள எல்லா உரிமையும் குடிநோயாளருக்கும் உண்டு. அவரே சம்மதித்துச் சேர்வதுதான் பொதுவழி. அது பிரிவு 86. அவரால் தன் நலத்தை முடிவுசெய்ய முடியவில்லை, தன்னையோ பிறரையோ தாக்கினார் அல்லது தாக்க முயன்றார், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே இயலவில்லை என்றால் மட்டும் பிரிவு 89ன்படி நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் செயல்பட அவரே நியமித்தவர், இல்லாவிட்டால் உறவினர்) விண்ணப்பித்துச் சேர்க்கலாம். அதற்கும் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். உச்சவரம்பு 30 நாள். மனநலச் சீராய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள். வீட்டாரின் கையெழுத்தும் முன்பணமும் மட்டும் போதும் என்று ஒரு மையம் சொன்னால், அங்கே சேர்க்காதீர்கள்.

சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை இந்த நாட்டில் யாரும் மறக்கக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிப்பது, வேலை வாங்குவது, சொந்த உடையைப் பறிப்பது, போனிலும் நேரிலும் வீட்டாரோடு பேசவிடாமல் தடுப்பது எல்லாமே சட்டத்துக்குப் புறம்பானவை. "ஒரு மாசம் பார்க்கவே வரக் கூடாது" என்பதைக் கண்டிப்பான நல்ல மையத்தின் அடையாளம் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரிந்துவிடக் கூடாத இடங்கள்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கின்றன. முதல் சில நாள் சிகிச்சை காரணமாகச் சந்திப்பைத் தள்ளிவைப்பது வேறு விஷயம். அப்போதும் போனில் குரலைக் கேட்க முடிய வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் பகல் நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் தேதியைப் படியுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் செவிலியர் உண்டா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், கவுன்சலிங் வாரத்துக்கு எத்தனை முறை, எந்த மொழியில் என்று கேளுங்கள். கழிவறையையும் சமையலறையையும் பாருங்கள். படுக்கை எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ணுங்கள். ஜன்னலும் கதவும் வெளியிலிருந்து பூட்டியிருக்கிறதா? மருந்து, பரிசோதனைச் செலவு கட்டணத்துக்குள் அடங்குமா, பாதியில் வந்தால் மீதிப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளை விட்டுவிட்டுத் தனியாரிடம் ஓட வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025இல் கலங்கரை என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. கேரள அரசின் விமுக்தி திட்டம் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த போதை மீட்பு மையம் நடத்துகிறது. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 (டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 14446 (தேசிய போதை மீட்பு உதவி எண்) இரண்டிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

சம்மதிக்கவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று வீட்டார் சொல்வது சரி. அதற்கு நேரம் பார்க்க வேண்டும். போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. விடிந்து, நடுக்கம் அதிகமாவதற்கு முன்பான ஒரு மணி நேரத்தில், அவர் மதிக்கும் ஒருவர், ஒருவர் மட்டும் பேச வேண்டும். மச்சானும் சித்தப்பனும் பங்காளிகளும் சுற்றி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்தாகிவிடும். பழைய கணக்கை எடுக்காமல், போன வாரம் கண்ணால் பார்த்த ஒன்றிரண்டை மட்டும் சொல்லுங்கள்: "மாமா, வியாழக்கிழமை நீங்க பைக்குல இருந்து விழுந்தீங்க. புள்ள பார்த்துட்டு ராத்திரி தூங்கல. புதன்கிழமை ஓ.பி. இருக்குதுங்க, நானும் வர்றேன், டாக்டர் சொல்றதைக் கேட்டுட்டு வந்துரலாம்." வாழ்நாள் முழுக்க விட வேண்டும் என்று அன்றே சத்தியம் கேட்காதீர்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் போதும். முடியாது என்றால் பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அதுவரை செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: அவர் குடித்ததால் வந்த விளைவுகளை நீங்கள் மறைக்காமல் இருப்பது. முதலாளிக்குப் போன் போட்டு "காய்ச்சலுங்க" என்று சொல்லாதீர்கள், கடைக் கடனை நகையை வைத்து அடைக்காதீர்கள். சாப்பாடு கொடுங்கள், மருத்துவமனைக்குத் துணை வாருங்கள், பணம் கையில் கொடுக்காதீர்கள்.

மையத்தில் இருக்கும் நாட்களில் வீட்டார் சும்மா இருந்துவிட்டால் பாதிச் சிகிச்சைதான் நடந்தது என்று பொருள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. நல்ல மையம் உங்களையும் கூப்பிடும், கூப்பிடாவிட்டால் கேளுங்கள். சந்திக்கப் போகும்போது கடன்காரர் வந்த கதையைச் சுமந்துபோக வேண்டாம், அதே சமயம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய்யும் வேண்டாம். கடன் எவ்வளவு, யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, கவுன்சலர் முன்னிலையில் ஒருநாள் பேசி, மாதத் தவணை போடுங்கள். பிள்ளைகளிடம் "அப்பா வெளியூர் போயிருக்காரு" என்று சொல்வது நிலைக்காது. "அப்பாவுக்குக் குடிநோய், ஆஸ்பத்திரியில வைத்தியம் நடக்குது, உன்னால வந்ததில்ல" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். இடையில் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள்: ஒளித்துவைத்த பாட்டில்கள், மோட்டார் ரூம், வைக்கோல் போர், பைக் சீட்டுக்கு அடி. தண்ணீர்த் தொட்டிக்குள்கூட இருக்கும்.

மருத்துவமனையை விட்டு வரும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். மருந்தின் பெயர் கம்பெனிப் பெயராக மட்டும் இல்லாமல் மூலப்பெயராகவும் எழுதியிருக்க வேண்டும். எல்லை தாண்டினால் கடையில் கம்பெனி மாறிவிடும். அடுத்து வர வேண்டிய தேதியும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் அதில் இருக்க வேண்டும். குடி ஆசையைக் குறைக்கக் கொடுக்கும் மருந்துகளில் நால்ட்ரெக்சோன் நாளைக்கு ஒருமுறை 50 மில்லிகிராம். இதைச் சாப்பிடுபவருக்கு டிரமடால் போன்ற அபின் வகை வலிமருந்து வேலை செய்யாது. விபத்தோ அறுவைச் சிகிச்சையோ என்றால் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்பதால், ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அகாம்பிரோசேட் பொதுவாக 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டாக மூன்று வேளை. அதிக மாத்திரை என்பதால் மத்தியான வேளையைத்தான் பலர் விடுகிறார்கள். டிபன் பாக்ஸோடு வைத்துக் கொடுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இது ஆகாது. எந்த மருந்தானாலும் அவரே எடுத்து, உங்கள் முன்னால் விழுங்கட்டும். வாயைத் திறந்து காட்டச் சொல்லும் போலீஸ் வேலை வேண்டாம். "நான் போடுறேன், நீ பாரு" என்ற ஒப்பந்தம் அவர் வாயிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் எச்சரிக்கையான காலம். தூக்கம் ஒழுங்காக வராது, எரிச்சல் இருக்கும், குடித்தபோதே நல்ல மனுஷனாக இருந்தாரே என்றுகூடத் தோன்றும். மூளை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், அது அவருடைய குணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குடி ஆசை எழும்பினால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும்; அந்த அரை மணியைத் தாண்டவைப்பதுதான் வேலை. பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் ஆசையைக் கிளப்பும். எனவே வேலைவிட்டு வந்ததும் சாப்பாடு தயாராக இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ஏதாவது ஒரு வேலையும் துணையும் இருக்கட்டும். சனிக்கிழமைக் கூலியை முதலாளியிடம் பேசி வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அவரே சம்மதித்து ஏ.டி.எம். அட்டையைச் சில மாதம் வீட்டில் கொடுத்துவைக்கட்டும். சம்மதமில்லாமல் பிடுங்கிவைத்தால் கைமாற்று வாங்குவார்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு மாநிலத்துக் கடை நேரமும் விடுமுறையும் தெரிந்திருக்க வேண்டும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். கேரளத்தில் அரசு மதுக்கடை அதற்கு முன்பே திறந்துவிடும், கள்ளுக்கடையும் காலையிலேயே இருக்கும். கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி கடை இல்லை, அன்றைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கூட்டம் சேரும். தமிழ்நாட்டில் விடுமுறை விடும் சில நாட்களில் கேரளத்துப் பக்கம். ஒருபக்கம் மூடினால் இன்னொரு பக்கம் என்ற பழக்கம் வேர்விட்டிருப்பதால், வேலைக்குப் போகும் பாதையை அவரோடு உட்கார்ந்து மாற்றிப் போடுங்கள்: எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்தத் தெரு வழியாக வீடு. கள் இறக்குபவர், தேங்காய் பறிப்பவர், லாரி ஓட்டுநர் ஆகியோர் தூக்கம் தரும் மருந்து முடியும்வரை மரம் ஏறவோ வண்டி எடுக்கவோ கூடாது. மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகு போகட்டும். கள் இறக்கும் தொழிலுக்கே திரும்புவது மிகப் பெரிய சோதனை. தோப்பு முதலாளியிடம் பேசி ஆறு மாதமாவது வேறு வேலை கேட்பது நல்லது.

கிடாவிருந்து, கல்யாணம், துக்க வீடு மூன்றும் அடுத்த கண்டம். "ஒரு கட்டிங்தானே மாப்ள" என்று கையில் திணிப்பவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார். முதல் வருடம் போகாமல் இருப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் பந்தி நேரத்துக்குப் போய், மொய் வைத்து, சாப்பிட்டுக் கிளம்புங்கள். சொந்த வண்டியில் போங்கள், அடுத்தவர் வண்டியை நம்பிக் காத்திருக்க வேண்டியிராது. "மருந்து சாப்பிடறனுங்க, ஆகாதுங்க" என்ற ஒரே பதிலை முன்பே சொல்லிப் பழகட்டும்.

அப்படியும் ஒருநாள் குடித்துவிட்டு வரலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறுவதுபோல இந்த நோயிலும் மறுபடி தலைதூக்குவது அதிகம். அன்றிரவு பேச வேண்டாம். மறுநாள் காலையில் எங்கே, யாரோடு, என்ன நடந்த பிறகு என்று கேட்டு, அன்றைக்கே மருத்துவரையோ கவுன்சலரையோ அழையுங்கள். டைசல்ஃபிரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மறுபடி வீட்டிலேயே நிறுத்தவைக்கக் கூடாது; முதலில் சொன்ன வலிப்பு ஆபத்து அப்படியே திரும்பி வரும். "இவ்வளவு செலவு பண்ணியும்" என்று தொடங்கும் பேச்சு, அடுத்த முறை நடந்ததை மறைக்கத்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்கும்.

பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் நடந்தால் அவரை அனுப்புங்கள். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புக்குக் கட்டணமும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. வீட்டாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அவர் வருகிறாரோ இல்லையோ, நீங்கள் போகலாம். அடிதடி நடக்கும் வீட்டில் பொறுமையைச் சிகிச்சையாக யாரும் பரிந்துரைக்கக் கூடாது. 181 பெண்கள் உதவி எண். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமான வீட்டில் முன்பே கொடுத்துவையுங்கள். மனைவி பிள்ளைகளோடு வேறிடம் போய் இருந்தபடியே அவருடைய சிகிச்சைக்கு உதவ முடியும்.

கடைசியாக, இரு மாவட்ட மனநலத் திட்ட அதிகாரிகளின் பார்வைக்கு. சிற்றூர் வட்டத்துத் தமிழர் மலையாளத்தில் சந்தைக் கணக்குப் பேசுவார். மனதில் கிடப்பதைத் தமிழில்தான் பேசுவார். பாலக்காடு மாவட்ட மையங்களில் வாரம் இரண்டு நாளாவது தமிழ் பேசும் கவுன்சலர் இருக்க வேண்டும். கோவையில் சேர்ந்து வீடு திரும்பியவர் மாதாமாதம் மருந்துக்கு ஒருநாள் கூலியை இழந்து கோவைக்கே வர வேண்டியிருப்பதால், இரண்டாம் மாதமே வருவதை நிறுத்திவிடுகிறார். கோவையில் எழுதிய மருந்தைக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலும், பாலக்காட்டுப் பக்கம் எழுதியதைப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலும் தொடர்ந்து பெற இரு மாவட்ட நிர்வாகங்களும் பேசி ஒரு நடைமுறை வகுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரு பக்கத் தாள், மருந்தின் மூலப்பெயரும் ஆபத்து அறிகுறிகளும் அச்சிட்டு, கொடுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பகுதியில் குடிநோயாளர் குடும்பங்களோடு பணிபுரிவோர்